எத்தனை இலை போடுவது? பருவநிலை இடரைத் திட்டமிடுதல்: ஓர் எளிய விளக்கம்

சென்ற தீபாவளி மாலையில், மரின் பரேட்டில் இருக்கும் அக்கா வீட்டில், மாமா தம் கைப்பேசியை என் முன் நீட்டினார். “2100க்குள் சிங்கப்பூர் கடலுக்குள் போய்விடும், விஞ்ஞானிகள் உறுதி” என்று யாரோ அனுப்பிய செய்தி அது. பக்கத்தில் அமர்ந்திருந்த அக்காள் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் அரசாங்கம் சுவர் கட்டிப் பார்த்துக்கொள்ளும்” என்று முறுக்கைக் கடித்தான்.

இரண்டு பேச்சிலும் ஒரே பிழை இருந்தது. விஞ்ஞானி ஓர் எண்ணைச் சொல்வார், அதிகாரி அதை வாங்கி ஒரு சுவரைக் கட்டுவார் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் விஞ்ஞானியிடம் அப்படிப்பட்ட ஓர் ஒற்றை எண் இல்லை. அதிகாரி தனியாக ஒரு சுவரின் உயரத்தைத் தீர்மானிக்கவும் முடியாது. அந்த உயரம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் பிறக்கிறது. எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நான் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக வேலை செய்பவன். விஞ்ஞானிகள் தரும் எண்ணையும் அதிலிருந்து பிறக்கும் விதியையும் தினமும் கையில் வைத்துக்கொண்டிருப்பதால் இந்த விஷயம் எனக்கு நெருக்கமானது.

முதலில் நீங்கள் நூறு முறையாவது பார்த்திருக்கக்கூடிய ஒன்று. நிலத்தடி எம்ஆர்டி ரயில் நிலையங்கள் பலவற்றில் நுழையும்போது முதலில் சில படிகள் ஏறுகிறோம், அதன் பிறகுதான் மின்படிக்கட்டில் கீழே இறங்குகிறோம். கீழே போக வேண்டியவர் ஏன் மேலே ஏற வேண்டும்? வெள்ளம் வந்தால் தண்ணீர் நிலையத்துக்குள் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக. அந்தப் படிகள் ஏன் பத்து அடி உயரம் இல்லை, ஏன் அரை அடி இல்லை? யாரோ ஓர் உயரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் கதை முழுவதும் அந்தத் தேர்வைப் பற்றியதுதான்.

கல்யாணப் பந்தியும் கடல் மட்டமும்

கல்யாண வீட்டில் சமையல்காரர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை இலை?” அழைப்பிதழ் கணக்கு வைத்திருக்கும் சித்தப்பா, “நானூறுக்குக் குறையாது, அறுநூறைத் தாண்டாது” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சரியாகவே சொல்லிவிட்டார். மழை பெய்தால் கூட்டம் குறையும், ஞாயிற்றுக்கிழமை என்றால் கூடும். அவை அவர் கையில் இல்லை.

ஆனால் அரிசி வாங்குகிறவருக்கு வேண்டியது ஓர் எண். 500 என்று நடுவில் வைத்தால் போதுமா? சோறு மிஞ்சினால் கொஞ்சம் நஷ்டம். பந்தியில் சோறு இல்லை என்றால் அந்தக் குடும்பத்தின் பெயரே கெட்டுவிடும். இரண்டு தவறுகளுக்கும் விலை ஒன்றில்லை. அதனால் பெண் வீட்டார் 580 என்று முடிவு செய்கிறார்கள். அந்த 580 சித்தப்பாவின் கணக்கில் எங்கும் இல்லாத எண். அவர் கொடுத்த வீச்சும் குடும்பம் தாங்க விரும்பாத அவமானமும் சேர்ந்து அதை உண்டாக்கின.

பருவநிலையிலும் இதேதான். சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு 2024 ஜனவரியில் வெளிவந்தது. சிங்கப்பூர் வானிலை ஆய்வு நிலையத்தின்கீழ் இயங்கும் பருவநிலை ஆய்வு நிலையம் அதைச் செய்தது. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் நம்மைச் சுற்றியுள்ள சராசரிக் கடல் மட்டம் 0.23 மீட்டரிலிருந்து 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது அது. முழங்காலுக்குக் கீழே தொடங்கி இடுப்பைத் தாண்டிவிடும் வீச்சு. ஏன் இத்தனை அகலம்? உலகம் இனிமேல் எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றப் போகிறது என்பது முதல் காரணம். பனிப்பாறைகள் எவ்வளவு வேகமாக உருகும் என்பது அடுத்தது.

இப்படி “உலகம் இந்த வழியில் போனால் இது நடக்கலாம்” என்று சொல்வதற்கு எதிர்கால மதிப்பீடு என்று பெயர். “நாளை மாலை ஜூரோங்கில் மழை” என்பது வானிலை முன்னறிவிப்பு. அதில் “போனால்” கிடையாது. மாமாவுக்கு வந்த செய்தி மதிப்பீட்டை எடுத்து முன்னறிவிப்பு வேடம் போட்டிருந்தது. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: அறிவியல் தருவது ஒரு வீச்சு. அந்த வீச்சுக்குள் எந்த எண்ணுக்குத் தயாராவது என்பது, தவறினால் எதை இழப்போம் என்பதைப் பொறுத்த முடிவு.

இடர் என்ற சொல்லுக்குள் மூன்று சங்கதிகள்

“ஆபத்து”, “அபாயம்”, “இடர்” மூன்றையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம். திட்டமிடுகிறவர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். கொட்டும் மழை, பொங்கும் கடல், கொளுத்தும் வெயில் ஆகியவை அபாயம். அந்த அபாயத்தின் வழியில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்பது எதிர்ப்படுதல். அப்படி எதிர்ப்பட்டவர் எவ்வளவு சுலபமாக அடிபடுவார் என்பது நலிவு. இந்த மூன்றும் கூடினால்தான் இடர்.

ஒரே மழை லிம் சூ காங்கின் திறந்தவெளியிலும் பெய்யட்டும், ஆர்ச்சர்ட் சாலையின் நிலத்தடிக் கடைகளின் மேலும் பெய்யட்டும். அபாயம் ஒன்று, இடர் வேறு. 2010 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் புகுந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அடித்தளத்துக் கடைகளுக்குள் பழுப்புத் தண்ணீர் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இது நம் ஊர்தானா என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நடந்தது இந்தக் கட்டுரைக்கு நல்ல பாடம். வடிகால் வடிவமைப்பை ஆராய ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. குழுவின் அறிக்கை 2012இல் வந்தது. கால்வாயை அகலப்படுத்துவதோடு நின்றுவிடாமல், தண்ணீரை மூன்று இடங்களில் பிடிக்கச் சொன்னது அது: மழை விழும் இடத்தில், ஓடும் பாதையில், போய்ச் சேரும் கட்டடத்தில். தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில், ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்க்கு வரும் மழைநீரைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்க நிலத்தடியில் ஒரு தொட்டி கட்டினார்கள். 38,000 கன மீட்டர் கொள்ளும், ஏறத்தாழ 15 ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் அளவு. ஒரு மாற்றுக் கால்வாயும் கட்டப்பட்டது. இரண்டும் 2018இல் முடிந்தன. மழையைக் குறைக்க யாராலும் முடியாது. எதிர்ப்படுதலையும் நலிவையும் குறைக்கலாம்.

“நூறாண்டு வெள்ளம்” என்றால் நூறாண்டுக்கு ஒரு தடவையா?

இல்லை. இவ்வளவு குழப்பம் தரும் சொல் இந்தத் துறையில் வேறெதுவும் இல்லை.

ஒரு பையில் 99 வெள்ளைச் சோழிகளும் ஒரு கறுப்புச் சோழியும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை கையை விட்டு ஒன்றை எடுத்துப் பார்த்து, மறுபடி பைக்குள்ளேயே போட்டுவிடுகிறோம். கறுப்பு வந்தால் வெள்ளம். இந்த ஆண்டு கறுப்பு வந்துவிட்டது என்பதற்காக அடுத்த ஆண்டு வராது என்று சொல்ல முடியுமா? பையில் அது இன்னமும் இருக்கிறதே. ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. 30 ஆண்டு வீட்டுக் கடன் எடுத்தவருக்கு, கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது கறுப்பு வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. நான்கில் ஒன்று!

பருவநிலை மாற்றம் இதில் செய்யும் வேலை, பைக்குள் கறுப்புச் சோழிகளைச் சேர்த்துக்கொண்டே போவது. எத்தனை சேர்ந்திருக்கின்றன, 2050இல் எத்தனை இருக்கும் என்று மதிப்பிடுவது விஞ்ஞானியின் வேலை. எத்தனை கறுப்பு வரை தாங்கலாம் என்பது ஊரின் கேள்வி. மளிகைக் கடை வாசலுக்கு ஒரு விடை, மருத்துவமனையின் மின்னாக்கி அறைக்கு வேறு விடை.

ஒரே கடல், வெவ்வேறு உயரங்கள்

இதற்கு நம் ஊரிலேயே கண்ணால் பார்க்கக்கூடிய சான்று இருக்கிறது. கடலிலிருந்து மீட்கப்படும் நிலத்தின் குறைந்தபட்ச உயரம் முன்பு சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் 3 மீட்டராக இருந்தது. 2011இல் அது 4 மீட்டர் ஆனது. துவாஸ் துறைமுகத்தைக் குறைந்தது 5 மீட்டரில் கட்டுகிறார்கள். சாங்கி விமான நிலையத்தின் 5ஆம் முனையத்துக்கு 5.5 மீட்டர். மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே கடல், ஒரே அறிவியல். விமான நிலையத்தைப் பிறகு தூக்கி நிறுத்த முடியாது. அது நின்றுபோனால் நாடே ஸ்தம்பிக்கும். அதனால் அங்கே இலைக் கணக்கைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள்.

“கடல் உயரப்போவது அதிகபட்சம் 1.15 மீட்டர்தானே, எதற்கு 5 மீட்டர்?” என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1.15 என்பது சராசரி. அதன் மேல், தினமும் வந்து வடியும் கடல் ஏற்றம், அதாவது ஓதம், வரும். பருவக்காற்று தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளிக் குவித்தால் அந்த எழுச்சியும் சேரும். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் கடல் இன்றைய சராசரி மட்டத்திலிருந்து தற்காலிகமாக 4 முதல் 5 மீட்டர் வரை எழலாம் என்பது கணிப்பு. நம் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு 5 மீட்டருக்கும் தாழ்வாக இருக்கிறது.

அப்படியானால் ஊரைச் சுற்றி 6 மீட்டர் சுவர் எழுப்பிவிடலாமே? அக்காள் மகன் சொன்ன வழி. இங்கேதான் பொறியாளர் குறுக்கிடுகிறார். நம் வடிகால்களில் பெரும்பாலானவை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, கடைசியில் கடலுக்கு, தாமாகவே ஓடுபவை. கடல் மட்டம் கால்வாயின் வாய்க்கு மேலே நின்றால் மழைநீருக்குப் போக வழி இருக்காது. வெளியே கடலைத் தடுத்த சுவர் உள்ளே மழைநீரையும் அடைத்துவிடும், சாக்கடை வாய் அடைபட்ட குளியலறை போல.

2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். கடல் வற்றியிருக்கும்போது பலத்த மழை பெய்தால், அங்குள்ள 9 கதவுகள் தாழ்ந்து தண்ணீர் கடலுக்குப் போகும். கடல் ஏறியிருக்கும்போது மழை வந்தால் கதவைத் திறக்க முடியாது. திறந்தால் கடல் உள்ளே வரும். அப்போது 7 பெரிய பம்புகள் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும். கடற்கரை நெடுகிலும் இப்படிப்பட்ட ஏற்பாடு வேண்டும் என்றால், கடல் எவ்வளவு உயரும் என்று மட்டும் தெரிந்தால் போதாது. கடல் ஏற்றமும் பெருமழையும் ஒரே நேரத்தில் வருவது எவ்வளவு சகஜமாகும் என்பதும் தெரிய வேண்டும். இந்தக் கேள்வி பொறியாளரிடமிருந்து விஞ்ஞானிக்குப் போகும் கேள்வி.

கேள்வி இரண்டு பக்கமும் போக வேண்டும்

நாம் கவனிக்காமல் விடுவது இந்தத் திசையைத்தான். அறிவியல் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது என்று நினைக்கிறோம். நல்ல திட்டத்தில் பாதிக் கேள்விகள் கீழிருந்து மேலே ஏறுகின்றன.

உலகப் பருவநிலையைக் கணினியில் கணக்கிடும்போது பூமியை ஒரு வலை போலக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வலைக்கண்ணும் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அகலமோ அதற்கும் மேலோ இருக்கும். சிங்கப்பூர் கிழக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அந்த வலையில் நாம் சிக்கவே மாட்டோம், நெத்திலி போல நழுவிவிடுவோம். உட்லண்ட்ஸில் மழை, சாங்கியில் வெயில் என்ற நம் அன்றாட அனுபவத்துக்கு அங்கே இடமே இல்லை.

ஆனால் வடிகால் பொறியாளருக்கு ஆண்டுச் சராசரி மழையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அவருடைய கால்வாயை நிரப்புவது ஒரு மணி நேரக் கொட்டல். அதனால் மூன்றாவது ஆய்வில் தென்கிழக்காசியாவை 8 கிலோமீட்டர் வலைக்கண்ணிலும் நம் சுற்றுவட்டாரத்தை 2 கிலோமீட்டர் வலைக்கண்ணிலும் நெருக்கிக் கணக்கிட்டார்கள். இதற்கு நுண்பகுப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இப்படி, முடிவெடுப்பவரின் கேள்வியிலிருந்தே ஆய்வைத் தொடங்குவதைக் கூட்டுருவாக்கம் என்கிறார்கள். சமையல்காரரும் சித்தப்பாவும் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து பேசுவதுதான். “குழந்தைகள் எத்தனை? சைவம் எத்தனை? முதல் பந்திக்கு எத்தனை பேர்?” என்று சமையல்காரர் கேட்டால்தான் சித்தப்பா அழைப்பிதழ்களை அந்த விதமாக எண்ணுவார். கேட்காவிட்டால் மொத்தத் தொகை மட்டும் வரும், அதை வைத்துப் பந்தி நடத்த முடியாது.

சிங்கப்பூரில் இதற்கான ஏற்பாடுகள் படிப்படியாக உருவாகியுள்ளன. பருவநிலை ஆய்வு நிலையம் 2013இல் தொடங்கியது. கடலோரப் பாதுகாப்பின் பொறுப்பு 2020 ஏப்ரலில் தேசியத் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் வந்தது. உள்ளூர் மழையையும் வெளிக்கடலையும் இனி ஒரே அமைப்பு பார்க்கும் என்பதுதான் அந்த மாற்றத்தின் சாரம். 2023இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கடலோரப் பாதுகாப்புக்கும் வெள்ளத் தாங்குதிறனுக்கும் ஓர் ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புவிக் கண்காணிப்பகம் பழங்காலக் கடல் மட்டத்தையும் நிலம் அமிழ்வதையும் ஆராய்கிறது. அனைத்துலக அளவில், ஐநாவின் பருவநிலைக் குழுவில் தாக்கங்களையும் தகவமைப்பையும் ஆராயும் பிரிவின் இணைத் தலைவராக 2023இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வின்ஸ்டன் சாவ். அந்தக் குழு தன் ஏழாம் மதிப்பீட்டுச் சுற்றில் நகரங்களுக்கென்றே ஒரு சிறப்பறிக்கை தயாரிக்கிறது.

வேலைத்தளத்தில் ஒரு கறுப்பு உருண்டை

கடல் மெதுவாக வரும். வெயில் இன்றைக்கே வந்துவிட்டது. இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அடிபடுகிறவர்கள் என்னோடு வேலை செய்கிறவர்கள்.

எங்கள் தளத்தில் ஒரு முக்காலியின் மேல் சிறிய கருவி ஒன்று நிற்கிறது. அதன் தலையில் பிங்பாங் பந்து போல ஒரு கறுப்பு உருண்டை. சாதாரண வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும் சொல்லும். இந்தக் கருவி அதோடு காற்றின் ஈரப்பதம், வெயில் நேரடியாகச் சுடும் சூடு, காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். அந்த எண்ணுக்கு ஈரக்குமிழ் கோள வெப்பநிலை என்று பெயர். உடம்பு வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியுமா என்பதை அது காட்டுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, வழியத்தான் செய்யும். உடம்புச் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

புதுக்கோட்டையிலிருந்து வந்து நான்கு மாதமே ஆன தம்பி ஒருவர் ஒரு நாள் கேட்டார்: “அண்ணே, எங்கள் ஊரில் 38 டிகிரியில் வயல் வேலை பார்த்திருக்கிறேன். இங்கே 32தான் காட்டுகிறது, அதற்குள் ஓய்வு எடுக்கச் சொல்கிறீர்களே?” அவர் ஊரில் பார்த்தது வெப்பமானியின் எண். இங்கே கருவி காட்டியது வேறு எண். இரண்டும் டிகிரியில் சொல்லப்படுவதால் வந்த குழப்பம் அது. அவரைக் கருவிக்கு அருகில் அழைத்துப் போய், ஈரத் துணியைக் கையில் சுற்றி விசிறிக் காட்டினேன். காற்று வறண்டிருந்தால் துணி சில்லென்று ஆகும், புழுக்கத்தில் ஆகாது. உடனே பிடித்துக்கொண்டார்.

மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வகுத்த விதிப்படி, இந்த எண் 32ஐத் தொட்டால் கடுமையான உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33 என்றால் 15 நிமிடம். உடலியல் ஆய்வாளர்களால் “எண் கூடக்கூட ஆபத்து கூடும்” என்று ஒரு வளைகோட்டைத் தர முடியும். அந்தக் கோட்டில் 32 என்று எழுதிய பலகை எதுவும் நட்டு வைக்கப்பட்டிருக்கவில்லை. கோட்டின் எந்த இடத்தில் விதியை வைப்பது என்பது முடிவெடுப்பவர்களின் தேர்வு. கருவியும் கண்காணிப்பும் இருந்தால்தான் அந்தத் தேர்வு தளத்தில் ஓய்வாக மாறும்.

வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இதுவரை ஆண்டுக்குச் சராசரியாக 21. மூன்றாவது ஆய்வின்படி நூற்றாண்டின் இறுதியில் அது 41 நாளாகவும் இருக்கலாம், 351 நாளாகவும் இருக்கலாம். நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்பது உலகின் உமிழ்வைப் பொறுத்தது. 351 நாள் என்றால் என்ன என்று என்னால் அந்தத் தம்பியின் முதுகைப் பார்க்காமல் யோசிக்க முடியவில்லை.

அரிசியைக் கழுவி வை, உலையில் போடாதே

வீச்சு இத்தனை அகலமாக இருந்தால் எப்படித்தான் முடிவெடுப்பது? அனுபவமுள்ள சமையல்காரர் 600 பேருக்கும் ஒரே தடவையில் வடிக்க மாட்டார். நானூறு பேருக்கு வடித்துவிட்டு, மீதி அரிசியைக் கழுவி வைத்து, உலையைக் கொதிக்க விட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கூட்டம் வந்தால் அரிசி உலையில் விழும்.

இதற்குத் தகவமைப்புப் பாதை என்று பெயர். லண்டனின் தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்துக்காக 2012இல் ஏற்கப்பட்ட திட்டம் இதற்கு நல்ல உதாரணம். நூற்றாண்டு முழுவதற்கும் ஒரே மதிலைத் தீர்மானிக்காமல், கடல் இந்த அளவை எட்டினால் இந்த வேலை, அதைத் தாண்டினால் அடுத்த வேலை என்று வழிகளைத் திறந்து வைத்து, குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடி பார்க்கிறார்கள்.

நம் ஊரில் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட லாங் ஐலண்ட் திட்டத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்தை உயரமாக மீட்டு, அதற்கும் பழைய கரைக்கும் நடுவே ஒரு நீர்த்தேக்கம் அமைப்பது யோசனை. நெடுஞ்சுவர் எழுப்பிப் பூங்காவைக் கடலிலிருந்து பிரித்துவிடாமல் இருக்க அது ஒரு வழி. பல பத்தாண்டு வேலை. மண்ணைக் கொட்டும் முன் வருடக்கணக்கில் ஆய்வு நடக்கும். கடலோரப் பாதுகாப்புக்கு நீண்ட காலத்தில் 100 பில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். முதல் 5 பில்லியன் 2020இல் ஒதுக்கப்பட்டது, 2025இல் இன்னும் 5 பில்லியன். அரிசி வாங்கியாகிவிட்டது. எவ்வளவு, எப்போது உலையில் போடுவது என்பதை இனி வரும் அளவீடுகள் சொல்லும்.

மாமாவிடம் திரும்பினேன்

அன்று மாலை மாமாவின் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள் என்றேன். எந்த ஆண்டுக்கான எண்? உலகம் எந்த வழியில் போனால்? எந்த மட்டத்திலிருந்து அளந்தது? அவருக்கு வந்த செய்தியில் ஆண்டு மட்டும் இருந்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி, கடல் கிடக்கட்டும். எங்கள் புளோக்கின் மின்சார அறை கீழ்த்தளத்தில்தானே இருக்கிறது? பெருமழையில் வாகன நிறுத்துமிடத்தில் தண்ணீர் நின்றால் அந்த அறை வாசலுக்கு ஏறுமா? ஏறினால் பத்தாம் மாடியில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கும் அந்த அம்மாவுக்கு என்ன ஏற்பாடு?” என்றார்.

எதிர்ப்படுதல், நலிவு என்ற சொற்களை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எழுந்துபோய், நகர மன்றத்தின் தொலைபேசி எண் இருக்கும் மாதாந்திரக் கட்டண ரசீதை இழுப்பறையில் தேட ஆரம்பித்தார்.